ஆக்சிஜன் இல்லாத ஆக்சிஜன் பங்கு

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழர்களுக்குப் பங்கு வாங்கி விற்றுத் தருவது என் தொழில். 2021 ஏப்ரல், கொரோனா இரண்டாம் அலை. தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, பாம்பே ஆக்சிஜன்னு ஒரு பங்கு தினமும் ஏறுதாமே. நமக்கும் ரெண்டு வாங்கிப் போடு."

"அந்தக் கம்பெனி இப்ப என்ன செய்யுதுன்னு பாத்தீங்களா அண்ணாச்சி?"

"அதான் பேர்லயே இருக்கே!"

பெயரில் மட்டும்தான் இருந்தது. வாயு தயாரிப்பதை அவர்கள் 2019 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்போது அது வெறும் முதலீட்டு நிறுவனம். அப்படியும் சில வாரங்களில் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, 24,000 ரூபாயைத் தாண்டியது.

தெரிந்த தகவல் எல்லாம் விலையில் அடங்கிவிடும் என்பது சந்தைத் திறன் கோட்பாடு. இங்கே தகவல் ஒளிந்திருக்கவில்லை. தேடிப் பார்க்க ஆளில்லை. ஒருவர் கூட்டியும் இன்னொருவர் குறைத்தும் மதிப்பிட்டால் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது?

சரி, விவரம் தெரிந்தவர்கள் விற்று விலையை இறக்கக்கூடாதா? கையில் பங்கு இல்லாமல் விற்றால் அன்றைக்கே திருப்பி வாங்கியாக வேண்டும். அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பில், மாட்டிய பங்கை விற்க ஆளிருக்காது. திருப்பி வாங்க முடியாவிட்டால் அது பங்குச் சந்தையின் ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு கணக்கு முடியும். அதனால் புத்திசாலிகள் சும்மா இருந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒதுங்கினால், மிஞ்சியவர்கள் வைத்ததுதான் விலை.

சட்டென்று வாயில் வருவதைச் சொல்கிறோமா, நின்று யோசிக்கிறோமா என்று பார்க்க 2005ல் ஷேன் ஃபிரடெரிக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைக் கேள்வி ஒன்றை ரூபாயில் சொல்கிறேன். மட்டையும் பந்தும் சேர்த்து 110 ரூபாய். மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து எவ்வளவு? வாயில் வருவது 10, விடை 5. (முதல் தடவை நானும் பத்து என்றுதான் சொன்னேன்.) 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த மாதிரிச் சோதனைகளில் குறைவாக எடுத்தவர்களை மட்டும் சேர்த்துப் பரிசோதனைச் சந்தை நடத்தியபோது விலை குமிழியாக வீங்கியது. நன்றாக எடுத்தவர்களின் சந்தையில் விலை உண்மை மதிப்பை ஒட்டியே நின்றது.

அண்ணாச்சி அந்தப் பங்கை வாங்கவில்லை. போன மாதம் ஆப்ஷன் பக்கம் ஆசைப்பட்டார். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஆப்ஷனும் ஃபியூச்சரும் சேர்ந்த வணிகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி சொன்ன கணக்கைச் சொன்னேன்.

"அப்ப அந்த ஏழு பேர்ல நாம இருக்கோம்னு வையேன்" என்றார். பந்து எவ்வளவு என்று கேட்டேன்.

"பத்து!"