அதிகாலை மூன்று மணியின் நட்டக் கணக்கு: மலைத்தொழிலும் தொழிலாளர் தூக்கமும்

கொழுந்து வரத்து கூடும் மாதங்களில் குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் மதியமும் சாயங்காலமும் வண்டி வண்டியாக இலை வந்து இறங்கும். அதை டிராஃப் என்கிற நீண்ட தொட்டியில் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாட்டிய பிறகே, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குக் கொடுக்க முடியும். அதனால் ரோலர், ஃபெர்மென்டிங் (நசுக்கிய இலையைக் காற்றில் நிறம் மாற விடுவது), டிரையர் (சூட்டில் உலர்த்துவது) என்று தூளின் தரத்தைத் தீர்மானிக்கிற வேலைகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வந்து விழுகின்றன. மனித உடம்பின் சூடு மிகவும் தணிந்து, கவனம் மிகவும் மங்கும் நேரமும் அதேதான்: அதிகாலை 3 முதல் 5 மணி வரை. தொழிலாளி எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்பது அவர் வீட்டு விஷயம் என்று நினைக்கும் முதலாளிகள், இந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு பணம் போகிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும்.

சி.டி.சி. தூளுக்கு ஃபெர்மென்டிங் நேரம் சுமார் ஒரு மணி. குளிருக்கும் இலையின் வாட்டத்துக்கும் ஏற்ப முன்பின் ஆகும். நிறத்தையும் மணத்தையும் பார்த்து ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர் கால் மணி நேரம் கண் அசந்துவிட்டால் டீ உயிர்ப்பில்லாமல் சப்பென்று ஆகிவிடும். டிரையரில் தூளின் ஈரம் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ஈரம் அதிகம் தங்கினால் மூட்டையிலேயே கெடும், சூடு மிஞ்சினால் தீய்ந்த வாடை. இவையெல்லாம் அன்றிரவு யாருக்கும் தெரிவதில்லை. ஏலத்துக்கு முன்பு ருசி பார்ப்பவரின் கோப்பையில்தான் தெரியும். 10,000 கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய 2,200 கிலோ தூள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினாலே ஓர் இரவில் 11,000 ரூபாய் போய்விட்டது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது ‘இலை சரியில்லை’ என்ற பெயரில்தான் ஏறும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், விரல் போனால் திரும்பாது. ரோலரில் இலை அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். தூக்கம் கெட்டவர் அதை மறப்பதில்லை. மறக்காமலேயே கையை நீட்டிவிடுகிறார். தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன்தான் முதலில் தளர்கிறது.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த எல்லையே 0.03 சதவீதம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகல் முழுக்க வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டு இரவு ஷிப்டுக்கு வருபவர், 11 மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். இன்னொரு விஷயம் இதைவிடக் கவலை தருவது. சிலரைத் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு 14 நாள் கவனித்த அமெரிக்க ஆய்வு 2003-ல் வெளியானது. கடைசியில் அவர்களுடைய கவனம், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. அவர்களைக் கேட்டால் ‘பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி’ என்றார்கள். ‘எனக்குப் பழகிவிட்டது சார்’ என்று தொழிலாளி சொல்வதை நம்பி ஷிப்ட் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மாற்றத்தை ஷிப்ட் அட்டவணையில் தொடங்குங்கள். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே சுழற்ற வேண்டும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கித் தள்ளினால் உடம்பு ஈடுகொடுக்காது. தொடர்ந்து மூன்று, மிஞ்சினால் நான்கு இரவுதான். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆள் வரவில்லை என்று அதே ஆளை ‘டபுள்’ பார்க்கவைப்பதுதான் சீசனில் நடக்கும் பெரிய தவறு. ரோலர் கழற்றுவது, பெல்ட் மாற்றுவது போன்றவற்றை 3 முதல் 5 மணிக்குள் வைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டு பேராகச் செய்யட்டும். 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் ஆளுக்கு 20 நிமிடம் முறைவைத்துத் தூங்க இடம் கொடுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை கிறுகிறுக்கும். எழுந்த பிறகும் கால் மணி நேரம் மெஷின் பக்கம் அனுப்பக் கூடாது. 6 மணிக்கு ஷிப்ட் முடியும் என்றால் கடைசி டீ 2, 3 மணிக்குள். குடித்த காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

தூங்குபவரைப் படம் பிடித்து அபராதம் போடுவது வேண்டவே வேண்டாம். தூக்கம் நிற்காது, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அங்கே தூங்குபவரை எழுப்பக்கூட ஆள் இருக்காது.

பகல் தூக்கம், தொழிலாளர் குடியிருப்பின் வரிசை வீடான லைன் வீட்டில் எளிதில்லை: தகரக் கூரை, பக்கத்து வீட்டு டிவி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். ஜன்னலுக்குக் கருப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, மதியம் 2 மணி வரை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் ஓர் ஏற்பாடு. மலைக்கு மட்டும் உரிய ஒன்று, பாதக் குளிர். உடம்பின் உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். அதற்குக் கை கால் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும். ஈரமான பூட்ஸைக் கழற்றி, வெந்நீரில் கால் கழுவித் துடைத்து, காய்ந்த காலுறையோடு படுப்பவர் சீக்கிரம் தூங்குவார்.

நள்ளிரவில் கேரட் பிடுங்கி, கழுவி, விடியலுக்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கும் பிக்அப் டிரைவர்களுக்கு ஆபத்து இறங்கும்போதைவிடத் திரும்பி ஏறும்போது அதிகம். சுமை இல்லை, முகத்தில் வெயில், வேலை முடிந்த நிம்மதி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொக்கினால் வண்டி 33 மீட்டர் தானாக ஓடியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் ஏது? மூட்டை ஏற்றியவரே ஓட்டக் கூடாது. இறக்கிய கையோடு மண்டியிலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்பட்டும். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்புபவர்களுக்கு ஃபேக்டரி வண்டி வேண்டும். பனிமூட்டத்தில் ரோட்டில் நிற்கும் காட்டுமாட்டைத் தூக்கக் கலக்கத்தில் கவனிக்க முடியாது.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் விடுதி ஊழியர்கள் சீசனில் மாடிப்படி அடியிலும் ஸ்டோர் ரூமிலும் படுக்கிறார்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பலர் ஒரே அறையில் காலையில் தலைவலி, குமட்டல் என்றால் சளி என்று விட்டுவிடாதீர்கள். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கரி அடுப்பு அறைக்குள்ளேயே வேண்டாம். ஊழியருக்கு இரண்டு நல்ல கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

நேரத்துக்குத் தூங்கியும் பகலில் கண் சொக்குபவர்களைத் தனியாகப் பாருங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாக இருக்கலாம். பகலில் எவ்வளவு கண் சொக்குகிறது என்று அளக்கும் எப்வொர்த் அளவுகோலில் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் கோவையிலோ மதுரையிலோ தூக்க ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மாஸ்க் வைத்த மூச்சுக் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் ஒப்புதலோடு மறுபடி வண்டி எடுக்க முடிகிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் டிரைவர்கள் இதை மறைக்கிறார்கள். எனவே சிகிச்சைக் காலத்தில் சம்பளம் குறையாமல் வேறு வேலை தரப்படும் என்று, பரிசோதனைக்கு அனுப்பும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.