ஓவர்ஹெட்னா என்ன? கையொப்பம் போட்ட மெயிலும் சுமைகூலியும்

"மெயிலுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் போட்டா ஓவர்ஹெட் ஜாஸ்தி"ன்னு யாராவது சொன்னா பாதி பேருக்கு சட்டுனு புரியாது, ஏன்னா ஓவர்ஹெட்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது தண்ணி டேங்க்தான். வார்த்தையைப் பிரிச்சா "தலைக்கு மேல", அவ்ளோதான். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இத கணக்கு எழுதறவங்க பிடிச்சுகிட்டாங்க: மூலப்பொருள், செய்கூலி ரெண்டையும் விட்டுட்டு வாடகை, விளக்கு, மேனேஜர் சம்பளம்னு எந்த ஒரு பொருள் பேர்லயும் நேரா எழுத முடியாத செலவு எல்லாம் ஓவர்ஹெட். அங்கேருந்து கம்ப்யூட்டருக்கு வந்தப்ப அர்த்தம் கொஞ்சம் நகர்ந்துடுச்சு, சொல்ல வந்த விஷயம் போக அதை அனுப்பறதுக்குன்னே கூட சேர்ற பைட்டும் நேரமும் ஓவர்ஹெட் ஆயிடுச்சு.

தமிழ்ல என்ன சொல்லலாம்? "மேல்நிலைச் செலவு"ங்கறது அப்படியே எழுத்துக்கு எழுத்து பேர்த்தது, எனக்கு அதுல டேங்க்தான் தெரியுது. இலங்கைக் கணக்கியல்ல "மேந்தலை"ன்னு ஒரு சொல் இருக்கு, அழகா இருக்கு, ஆனா அது கணக்குப் புத்தகத்தோட நிக்குது. "மேற்செலவு"ல காசு வாசனை. பைட்டுக்கு "மேற்சுமை" பொருந்தும்னு நினைக்கறேன். ஆனா கருத்து என்னவோ நம்மகிட்ட எப்பவோ இருக்கு: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஓவர்ஹெட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த டெக்னிக்கல் புத்தகத்துலயும் நான் பாக்கல.

இப்ப மெயிலுக்கு வருவோம். டிஜிட்டல் கையொப்பம்னா அனுப்பினது இவர்தான், நடுவுல யாரும் மாத்தலன்னு காட்டற அடையாளம். அதைப் போடறப்ப மென்பொருள் மெயிலோட உள்ளடக்கம் முழுசையும் அரைச்சு ஹேஷ்னு ஒரு சின்ன சுருக்கம் எடுக்கும், எஸ்எச்ஏ-256ங்கற முறையில எடுத்தா மெயில் எவ்ளோ பெருசா இருந்தாலும் 32 பைட்தான், அதுமேலதான் அனுப்பறவர்கிட்ட மட்டும் இருக்கற ரகசியச் சாவியால கையொப்பம். அதனால சுமைகூலி மெயிலோட சைஸைப் பொறுத்தது இல்ல, சாவி வகையைப் பொறுத்தது. ஆர்எஸ்ஏங்கற வகையில 2048 பிட் சாவின்னா கையொப்பம் 256 பைட், 4096 பிட்னா 512, எட்25519ங்கற வகையில வெறும் 64. மெயில் எழுத்து வடிவத்துலதான் போகும்ங்கறதால இதை பேஸ்64ங்கற முறையில எழுத்தா மாத்தணும், 3 பைட் 4 எழுத்தாகும், அந்த 256 பைட் 344 எழுத்தா ஊதிடும்.

இதோட முடிஞ்சா பரவால்ல. மெயிலுக்குக் கையொப்பம் போடற முறைகள்ல ஒண்ணான எஸ்/மைம்ல, கையொப்பத்தோட அனுப்பறவரோட சான்றிதழும் (கையொப்பத்தைச் சரிபார்க்கற பொதுச்சாவி அவரோடதுதான்னு சொல்ற அடையாள அட்டை) போகும், பெரும்பாலும் அதுக்கு சான்று குடுத்த இடைநிலைச் சான்றிதழும் ஒட்டிகிட்டு போகும், ஒண்ணொண்ணும் ஒரு கேபி ரெண்டு கேபி. கையொப்பம் கால் கேபி, அடையாள அட்டைங்க நாலு கேபி! பிஜிபிங்கற இன்னொரு முறையில சாவி எதுங்கற குறிப்பு மட்டும் போகறதால மொத்தமே பெரும்பாலும் ஒரு கேபிக்குள்ள அடங்கிடும், ஆனா சில மெயில் செயலிங்க பொதுச்சாவியையும் கூடவே இணைச்சுடும், அப்ப அந்த லாபம் போச்சு.

"சரி"ன்னு ஒத்தை வார்த்தை பதில் போடறீங்கன்னு வைங்க, எழுத்தை பைட்டா மாத்தற யுடிஎஃப்-8 முறையில அது 9 பைட். அதுக்கு 5 கேபி எஸ்/மைம் கையொப்பம்னா சரக்கைவிட சுமை ஐநூறு மடங்குக்கு மேல. அதே 5 கேபி 10 எம்பி போட்டோ இணைச்ச மெயில்ல இருந்தா 0.05 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. அதனால "ஓவர்ஹெட் எவ்ளோ சதவீதம்"னு கேட்டா பதில் சொல்ல முடியாது, எத்தனை கேபின்னுதான் கேக்கணும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. மெயிலைத் தனியா விட்டு கையொப்பத்தைப் பக்கத்துல இணைக்காம, ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டற முறை எஸ்/மைம்ல உண்டு, அதுல முழு மெயிலுமே பேஸ்64க்குள்ள போயிடறதால சுமை மெயிலோட சேர்ந்து வளரும், மூணுல ஒரு பங்குக்கு மேலயே கூடும். போதாததுக்கு எஸ்/மைம் தெரியாத செயலியில படிக்கவும் முடியாது.

இனிமே இது குறையும்னு நெனைக்காதீங்க. குவாண்டம் கம்ப்யூட்டருக்குத் தாக்குப்பிடிக்கறதுக்காக அமெரிக்காவோட தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024ல தரப்படுத்தின எம்எல்-டிஎஸ்ஏங்கற கையொப்ப முறையில ஆகச் சின்ன கையொப்பமே 2420 பைட், எட்25519ஓட கிட்டத்தட்ட 38 மடங்கு. அந்த முறைச் சான்றிதழ் ஒவ்வொண்ணுக்குள்ளயும் இதே மாதிரி ஒரு கையொப்பமும் 1312 பைட் பொதுச்சாவியும் வேற உக்காந்திருக்கும்.