இரவு ஊறவைத்த பாண் தட்டு எங்கே தூங்கியது?

பள்ளிக்கூட மணி ஏழரைக்கு. வான்காரர் ஆறே முக்காலுக்கே வாசலில் ஹோர்ன் அடிப்பார். அதற்குள் தேத்தண்ணி, தலைபின்னல், காணாமல்போன ஒற்றைச் சப்பாத்து என்று வீடு அமளிப்படும். திருகோணமலையில் உணவியலாளராக வேலை செய்யும் நான் தாய்மார் வகுப்புகளில் "பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது?" என்று கேட்பேன். "ரெண்டு பிஸ்கட்டும் பால்தேத்தண்ணியும் மிஸ்" என்பதுதான் அடிக்கடி வரும் பதில்.

அதனால்தான் இரவே தயார்செய்து காலையில் வேகவைக்கும் பாண் தட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இனிப்பும் உறைப்பும் சேர்ந்த சாப்பாடு நமக்குப் புதிதல்ல. சீனிச்சம்பல் இருக்கிறதே! வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, மாசி, மிளகாய்த்தூள், புளி, கடைசியில் சீனி போட்டு இறக்குகிறோம். அதையே பாண் துண்டுகளுக்கு நடுவில் பரப்பி, முட்டையும் பாலும் ஊற்றி வேகவைத்தால் வேலை முடிந்தது.

ஒரு இறாத்தல் பாணுக்கு, அதாவது 450 கிராமுக்கு, ஆறு முட்டை, 600 மில்லிலீற்றர் பால், ஒரு கப் சீனிச்சம்பல். நேற்றைய பாண்தான் நல்லது. புதுப் பாண் பாலைக் கண்டதும் கூழாகிவிடும். காய்ந்த பாண் உறிஞ்சிக்கொண்டு வடிவாக நிற்கும். இரண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மிளகு, அரைத் தேக்கரண்டி உப்பு. சீஸ் இருந்தால் ஒரு கைப்பிடி. பட்டர் பூசிய தட்டில் பாணைப் பிய்த்துப் போட்டு, சம்பலைப் பரப்பி, மேலே இன்னொரு அடுக்குப் பாண் வைத்து, அடித்த முட்டைப்பாலை ஊற்றிக் கரண்டியால் மெல்ல அமத்திவிடுங்கள். இரண்டு அங்குலத்துக்குமேல் உயரம் வேண்டாம். காரணம் பிறகு வருகிறது.

போன வருடம் வகுப்பில் ஒரு அக்கா எழும்பிக் கேட்டார்: "மிஸ், எங்கட பிரிட்ஜுல இடமில்ல. மூடி மேசையில வச்சா என்ன? விடிய சூட்டில கிருமியெல்லாம் செத்துப்போகும்தானே?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன், நானும் அதையே நம்பி ஒரு தட்டை மேசையில் வைத்தவள்.

கச்சான் காற்று வீசும் காலம். இரவு பத்து மணிக்கும் சமையலறைச் சுவர் சுட்டது. பிரிட்ஜுக்குள் அடுத்த நாள் விருந்துக்கு வாங்கிய மீனும் தண்ணீர்ப் போத்தல்களும். இரண்டு நாளைக்கு முன் வெங்காயம் வெட்டும்போது விரலில் பட்ட காயத்துக்கு பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன். அந்தக் கையாலேயே பாணை அமத்தினேன். தட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பொன்னிறமாக வெந்து வந்தது. மணத்திலும் ருசியிலும் ஒரு குறையும் இல்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்டோம். பத்து மணிக்குள் வீட்டில் நாலு பேர் வாந்தி, அம்மம்மா உட்பட. அன்றைக்கு விருந்து நடக்கவில்லை.

யாரும் அந்த உணவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆனால் சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் தொடங்கிய வாந்தி, அந்த விரல், அந்த இரவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் ஸ்டபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாமேல்தான். அது நம் தோலிலும் மூக்கிலும் சும்மா இருப்பது. காயத்தில் நிறைய இருக்கும். முட்டை, பால் போன்ற உணவில் விழுந்து, சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சைச் சுரந்து வைக்கும். ஓவனில் பக்டீரியா சாகும், அது உண்மைதான். அது சுரந்த நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. மேசையில் வைத்தால் என்ன என்று கேட்ட அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன்.

5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நல்ல சூழல் கிடைத்தால் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை எட்டு மணித்தியாலம், இருபத்துநாலு தடவை. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டுகிறது. குளிர் நாட்டுச் சமையல் குறிப்பிலும் 'இரவு முழுக்க ஊறவிடுங்கள்' என்றால் பிரிட்ஜுக்குள் என்றுதான் அர்த்தம். வெளியே இரண்டு மணித்தியாலம்தான் எல்லை. வெக்கை 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் யூன் மாதப் பகலில் 32 என்பது குளிர்ச்சியான நாள்!

சரி, பிரிட்ஜுக்குள் வைத்தாயிற்று. அதிலும் சில சில்லறை விஷயங்கள் உண்டு. சீனிச்சம்பலை அடுப்பிலிருந்து இறக்கியதும் போடாதீர்கள்; தட்டையான கோப்பையில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஆறவிடுங்கள். பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்தால் அதுவும் ஆறவேண்டும். உயரம் இரண்டு அங்குலம் என்று சொன்னது இதற்காகத்தான்: உயரமான தட்டின் நடுப்பகுதி குளிர வெகுநேரம் எடுக்கும். மீனைக் கீழ்த்தட்டிலும் பாண் தட்டை மேல்தட்டிலும் வையுங்கள், மீன்தண்ணி சொட்டக்கூடாது. பிரிட்ஜை அடைத்து நிரப்பினால் குளிர்காற்று சுற்றாது, தண்ணீர்ப் போத்தல் இரண்டு ஒரு இரவுக்கு வெளியே நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காவிட்டால் பிரிட்ஜ் நாலு மணித்தியாலம்வரை தாங்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நமக்கு அந்த நாலு போதாது என்று தெரியும். எப்போது போய் எப்போது வந்தது என்று தெரியாத இரவென்றால், காலையில் அந்தத் தட்டைக் கொட்டிவிடுங்கள். ஆறு முட்டை போகிறதே என்று வயிறு எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது.

காலையில் ஓவனை 180 பாகைக்குச் சூடாக்குங்கள். கண்ணாடித் தட்டைக் குளிரிலிருந்து நேரே சூட்டுக்குள் தள்ளினால் வெடிக்கலாம். ஓவன் சூடாகும் பதினைந்து நிமிடம் வெளியே இருக்கட்டும், அதற்குமேல் வேண்டாம். 45, 50 நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் கத்தியைக் குத்தினால் ஈரமில்லாமல் வரவேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 71 பாகையைத் தொட்டதா பாருங்கள். ஓவன் இல்லாத வீடுகள்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். வட்டிலப்பம் அவிப்பதுபோல, பாதி அளவை ஒரு கிண்ணத்தில் போட்டு இறுக மூடி ஆவியில் 40 நிமிடம் அவியுங்கள். மேலே மொறுமொறுப்பு வராது. ஆனால் என் அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும்.

இனிப்பு விஷயத்தில் ஒரு சண்டை எனக்கு நெடுகவும் உண்டு. "சீனி போடேல்ல மிஸ், கித்துள் பாணிதான் ஊத்தினனான்" என்பார்கள், சீனி வருத்தம் உள்ளவர்களும். கித்துள் பாணியும் பெரும்பாலும் சீனிதான். ருசி வேறு, அவ்வளவுதான். ரின்பாலும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல எல்லை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. சீனிச்சம்பலில் ஏற்கனவே சீனி இருக்கிறது, ஆகவே மேலே எதுவும் ஊற்றவேண்டாம். இனிப்புப் போதாதென்று பிள்ளை அழுதால் நன்றாகக் கனிந்த கதலிப்பழம் ஒன்றை வட்டமாக வெட்டி அடுக்குங்கள். சீனி வருத்தக்காரருக்குத் தீப்பெட்டி இரண்டு சேர்ந்த அளவில் ஒரு துண்டு போதும், பக்கத்தில் வெள்ளரிக்காயோ அவித்த கடலையோ.

மிஞ்சியதைப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து அனுப்பாதீர்கள். இடைவேளைக்குள் அந்தப் பெட்டி வெக்கையில் மூன்று மணித்தியாலத்துக்குமேல் கிடக்கும். துண்டு துண்டாக வெட்டி பிரிட்ஜில் வைத்து, பின்னேரம் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

அப்படியும் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சலம் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ காத்திருக்கவேண்டாம், ஆசுபத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அந்த அக்காவை இரண்டு மாதம் கழித்து மீன் சந்தையில் கண்டேன். பிரிட்ஜில் இடம் கிடைத்ததா என்று கேட்டேன். "கிடைச்சது மிஸ். அவருடைய சோடாப் போத்தல் எல்லாத்தையும் வெளியில எடுத்துப்போட்டன்" என்றார்.