தண்ணிக்குள்ள பழைய பாட்டில் கிடைச்சா, தயவுசெஞ்சு தேய்க்காதீங்க

கண்ணாடிப் பொருட்களைப் பாதுகாக்குறதுதான் என் வேலை. டைவிங் போறவங்க அடிக்கடி போட்டோ அனுப்பி, இது எத்தனை வருஷம் பழசுன்னு கேப்பாங்க. போட்டோல பாட்டில் பளபளன்னு இருந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும், ஆசிட் ஊத்தித் தேய்ச்சு முடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.

ஒருத்தர் கொண்டு வந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. கரும்பச்சை, வெங்காயம் மாதிரி உருண்ட வயிறு, குட்டைக் கழுத்து. ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தாரு. பிரிச்சா, மயில் கழுத்து நிறத்துல செதில் செதிலா உதிர்ந்து கிடக்கு. அவர் பாட்டுக்கு அழுக்குன்னு ஊதி விட்டாரு. அழுக்கு இல்லைங்க, அந்த பாட்டிலோட தோலே அதுதான்.

நடக்குறது என்னன்னா, கண்ணாடியில இருக்குற சோடியம், பொட்டாசியத்தை எல்லாம் தண்ணி வருஷக்கணக்கா உருவிடும், மிச்சம் நிக்குறது மெல்லிசான சிலிக்கா அடுக்குகள்தான், அந்த அடுக்குகள் கழண்டு விழாம பிடிச்சு வெச்சிருக்குறதும் அதே தண்ணிதான். காஞ்சா உரிஞ்சு வந்துடும். கடல் தண்ணின்னா உள்ள ஊறின உப்பு வேற படிகமாகி வெளிய தள்ளும். அதனால எடுத்த தண்ணியிலயே மூடி போட்ட வாளியில வைங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணிக்கு மாத்தணும். ஒரே நாள்ல இல்ல, வாரக்கணக்குல.

சரி, வயசுக்கு வருவோம். எல்லாரும் முதல்ல நிறத்தைத்தான் பாப்பாங்க, இல்லன்னா எவ்ளோ சிப்பி ஒட்டியிருக்குன்னு பாப்பாங்க, ரெண்டையும் நம்பாதீங்க. சிப்பி சில மாசத்துலயே மூடிடும். நான் பாக்குறது அடியும் வாயும்தான்.

அடியைத் திருப்பினா நடுவுல கரடுமுரடா ஒரு வடு இருக்கா? ஊதி முடிச்ச பாட்டிலை இரும்புக் கம்பியில ஒட்டிப் பிடிச்சு உடைச்சு எடுத்த தடம் அது, பெரும்பாலும் 1860க்கு முந்தினது. அடுத்து நகத்தை வெச்சு பக்கவாட்டுல மேல ஓட்டுங்க, பாட்டிலை வார்த்த அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல விழுந்த கோடு தட்டுப்படும். வாய்க்குக் கீழயே கோடு நின்னுடுச்சுன்னா வாயைக் கையால முடிச்சிருக்காங்க. வாய் விளிம்பு வரைக்கும் போச்சுன்னா மெஷின் வேலை, 1903ல மைக்கேல் ஓவன்ஸோட தானியங்கி மெஷின் வந்ததுக்கு அப்புறம் பரவினது. அந்த மெஷின் பாட்டில்ல அடியில வட்டமா ஒரு வெட்டுத் தடமும் இருக்கும், அதை வடுன்னு நினைச்சு ஏமாந்தவங்க நிறைய.

கோடே இல்லன்னா ரொம்பப் பழசா? இங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. அச்சுக்குள்ளயே பாட்டிலைச் சுத்தி விட்டு கோட்டை அழிக்கிற முறை 19ஆம் நூற்றாண்டு கடைசியில நல்லாவே புழக்கத்துல இருந்துச்சு. லென்ஸ்ல பாத்தா உடம்பைச் சுத்தி மெல்லிசா வளையம் வளையமா கீறல் தெரியும்.

மத்தது சுலபம். கழுத்துல கோலி உருளுற சோடா பாட்டில் 1870கள்ல வந்த டிசைன். பல்லு பல்லா இருக்குற தகர மூடிக்குன்னே செஞ்ச வாய் இருந்தா 1892க்கு முன்னாடி போகாது, மூடிக்கு பேட்டன்ட் வாங்கினதே அந்த வருஷம்தான். ஆனா ஒண்ணு, பாட்டில் செஞ்ச வருஷமும் தண்ணியில விழுந்த வருஷமும் ஒண்ணு இல்ல. அந்தக் காலத்துல பாட்டிலை யாரும் சும்மா தூக்கிப் போடல, திரும்பத் திரும்ப நிரப்பி ஓட்டினாங்க.

மூடியோட இருந்தா திறக்கவே திறக்காதீங்க, மோந்தும் பாக்காதீங்க. உள்ள மருந்தோ விஷமோ இருக்கலாம். தக்கையும் பெரிய சாட்சி. 2010ல பால்டிக் கடல்ல ஆலண்ட் தீவுகள் பக்கம் மூழ்கின கப்பல்ல 168 ஷாம்பெய்ன் பாட்டில் கிடைச்சுது, லேபிள் எல்லாம் கரைஞ்சு போயிடுச்சு, எந்தக் கம்பெனின்னு சொன்னது தக்கையோட அடியில சுட்டுப் போட்ட முத்திரைதான்.

நூறு வருஷத்துக்கு மேல தண்ணியில கிடந்ததை முடிஞ்சவரை அங்கயே விட்டு வைக்கணும்னு யுனெஸ்கோவோட 2001 ஒப்பந்தமே சொல்லுது, பல நாடுகள்ல அனுமதி இல்லாம எடுக்குறது குற்றமும் கூட. அதனால எடுக்குறதுக்கு முன்னாடி, கிடக்குற இடத்துலயே பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து, ஆழத்தையும் சுத்தி என்ன கிடக்குதுன்னும் குறிச்சு அதிகாரிங்களுக்குச் சொல்லிடுங்க. டார்ச்சை நேரா அடிக்காதீங்க, சாய்ச்சு அடிங்க, அப்பதான் நான் சொன்ன கோடு போட்டோல விழும்.