செயின்சா வாங்கும்போது முதலில் பல்லைப் பாருங்கள்

வீட்டு வேலைக்குப் பெட்ரோல் செயின்சா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" அடுத்துக் கேட்பது "பார் எத்தனை அங்குலம்?" (பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு.) இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் மரத்தை அறுப்பது செயினில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்னப் பற்கள். அந்தப் பல்லைப் புரிந்துகொண்டால் எந்த மிஷின் நமக்குப் பொருந்தும் என்பது பாதி தெரிந்துவிடும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு செயினைத் தொட்டுப் பாருங்கள். கைரம்பத்தின் முக்கோணப் பல் அதில் இருக்காது. மடங்கிய நகம் மாதிரி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி வரும். நகத்தின் மூலை மர நாரைப் பக்கவாட்டில் அறுக்கிறது, மேல்தகடு அந்த நாரை அடியோடு சீவி எடுக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. சிறிய செயின்களில் அது பல்லின் விளிம்பைவிட ஏறக்குறைய 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும். பல் ஒரு கடியில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முடிவு செய்வது அந்த மேடுதான். தச்சர் இழைப்புளியில் உளியை எவ்வளவு வெளியே நீட்டி வைக்கிறார் என்பதற்குச் சமம் இது. செயின்சா செய்வது உண்மையில் அதிவேக இழைப்பு வேலை.

இந்த வடிவத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புழு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அந்தக் காலத்துச் செயின் பற்கள் கைரம்பப் பல்லைப் போல மரத்தைச் சுரண்டும், சீக்கிரமே மழுங்கும். புழுவோ தன் வளைந்த தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, நாரின் போக்கிலும் குறுக்கிலும் தடையில்லாமல் முன்னேறியது. அதைப் பார்த்துத்தான் அவர் புதிய பல்லை வடிவமைத்தார். இன்றுவரை செயின்சாப் பற்கள் அந்த வழியில்தான் வருகின்றன. எனக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை.

சரி, இன்ஜினுக்கு வருவோம். செயினை ஓட்டும் சக்கரத்தில் ஆறு பற்கள் இருந்தால், ஒரு சுற்றுக்குச் செயின் சுமார் 11 செ.மீ. நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் வினாடிக்கு கிட்டத்தட்ட 19 மீட்டர், அதாவது மணிக்கு 65 கி.மீ.க்கு மேல். இந்த வேகத்தைக் கையில் தூக்கக்கூடிய எடையில் தருவதால்தான் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இதில் நிலைத்தது. இன்ஜினுக்கான ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவதால் இன்ஜினின் அடியில் தனி ஆயில் தொட்டி வேண்டாம். கார்புரேட்டரில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதனால் மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.

விழுந்த கிளைகளை நறுக்க, விறகு அறுக்க, சிறிய மரங்களை எடுக்க 30 முதல் 40 சிசி வரை உள்ள மிஷின் தாராளம். பார் 14 அல்லது 16 அங்குலம் போதும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நீளமான பார் இருந்தால் பெரிய மரத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று 20 அங்குலத்துக்குப் போகிறார்கள். பார் முழுவதும் மரத்துக்குள் புதைந்தால் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கடிக்கும். அத்தனையையும் இழுக்கச் சிறிய இன்ஜினுக்குத் தெம்பு போதாது. வேகம் விழும், நாம் அழுத்துவோம், இன்ஜின் திணறும். முன்பாரமும் கூடி மணிக்கட்டு வலிக்கும். எடையைப் பார்க்கும்போது பெட்ரோலும், செயின் வறண்டு போகாமலிருக்கத் தனியாக ஊற்றும் ஆயிலும் நிரப்பிய எடையைப் பாருங்கள். காலியாக 4 கிலோ இருப்பது நிரப்பிய பிறகு, பார் செயினோடு சேர்த்து, நன்றாகவே கூடிவிடும்.

நீளமான பாரைவிட நான் அதிகம் பயப்படுவது அதன் முனைக்கு, அதாவது மூக்குக்குத்தான். செயின் பாரின் மேல்விளிம்பில் முன்னோக்கி ஓடி, மூக்கில் வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவில் பல் வெளிப்பக்கமாக எழும்பும், முன்னிருக்கும் மேடு பின்தங்கும். அதனால் பல் வழக்கத்தைவிட ஆழமாகக் கடிக்கும். மூக்கின் மேல் கால்பகுதி மரத்திலோ பக்கத்துக் கிளையிலோ பட்டால், அறுத்துத் தள்ள முடியாத அந்தக் கடியின் விசை முழுவதும் பாரை மேலே தூக்கி நம் முகத்தை நோக்கி எறிகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்துவிடும், சுதாரிக்கவே முடியாது. அதனால் மூக்கு குறுகலான பாரும், பற்களுக்கு இடையே கூடுதல் தடுப்பு இணைப்புகள் உள்ள, இந்த உதைப்பைக் குறைக்கும் செயினும் வீட்டுக்கு ஏற்றவை. முன்னால் இருக்கும் கைக்காப்பு செயின் பிரேக்கின் நெம்புகோல். இடது கை அதில் இடித்தாலோ, மிஷின் சட்டென்று துள்ளினாலோ, ஒரு எஃகுப் பட்டை, செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மை இறுக்கிச் செயினை நிறுத்தும். இந்த பிரேக் இல்லாத பழைய மிஷினை யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள். தலைக்கவசம், காதடைப்பான், கால்காப்பு இவற்றுக்கான பணத்தையும் மிஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க முடிந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் செயின் அசையாமல் நிற்க வேண்டும். மெதுவான ஓட்டத்தில் கிளட்ச் கட்டைகளை ஸ்பிரிங் உள்ளே பிடித்து வைத்திருக்கும், வேகம் கூடினால்தான் அவை விரிந்து டிரம்மைப் பற்றும். அப்புறம், பாரின் முனையை ஒரு வெளிறிய அட்டைக்கு நேராக நீட்டி வேகம் கொடுத்தால் மெல்லிய ஆயில் கோடு தெறித்து விழ வேண்டும். விழாவிட்டால் பார் வறண்டு சூடேறுகிறது என்று பொருள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு மிஷினின் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மி.லி. ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்காதீர்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

வெட்டும்போது கீழே விழுவதைக் கவனியுங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவு போலத் தூள் பறந்தால் அரத்தை எடுங்கள். சிறிய செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரம், 30 பாகைச் சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் உள்ளிருந்து வெளியே மூன்று நான்கு இழுப்பு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும்.