பட்டியும் பாம்பும்: வன்னியில் மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

காலபோக (பெருமழைக்கால நெல்) விதைப்புத் தொடங்கியதும் வட இலங்கையின் வன்னியில் மாடுகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்கும் குளங்களின் மேற்பகுதிகளுக்கும் சாய்த்துச் செல்லப்படுகின்றன. அருவிவெட்டு முடிந்ததும் வெட்டிய வயல்களுக்குத் திரும்புகின்றன. கால்நடை வைத்தியராக நான் பார்க்கும் பாம்புக்கடிகளில் பெரும்பகுதி இந்த இரு இடமாற்றங்களை ஒட்டியே நிகழ்கிறது. நெல் முற்றும்போது எலி பெருகுகிறது. எலியைத் தேடி முத்திரைப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், வயலுக்குள் வருகிறது. வெட்டு இயந்திரம் இறங்கியதும் அது வரம்புப் புல்லுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் ஒதுங்குகிறது. மாடு மேய்வதும் மனிதர் கைவைத்து அள்ளுவதும் அதே இடங்களில்தான். ஆகவே, கடி எங்கே, எப்போது நேரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதும், முன்கூட்டியே சொல்லக்கூடியதைத் தடுக்கவும் முடியும் என்பதும் என் உறுதியான கருத்து.

பட்டிக்குள் பாம்பை வரவழைப்பது பெரும்பாலும் நாம் சேர்த்து வைப்பவையே. தவிடும் பிண்ணாக்கும் சாக்கோடு நிலத்தில் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் நாகமும் புடையனும் வரும். தீனியை மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். வைக்கோலைத் தரையிலிருந்து உயர்த்திய மரத்தட்டில், கன்றுகள் கட்டும் இடத்திலிருந்து விலக்கி அடுக்குங்கள். விறகு, பனம்மட்டை, உடைந்த ஓடு ஆகியவற்றைக் குடிலின் சுவரோடு சாத்தி வைக்க வேண்டாம். வைக்கோலை அள்ளுமுன் நீண்ட தடியால் கிளறுவதும், வரம்போரம் புல் வெட்டும்போது முழங்கால் வரையான இறப்பர் சப்பாத்து அணிவதும், அந்தியில் மாட்டைத் தேடிப் போகும்போது ரோச் வெளிச்சம் வைத்திருப்பதும் செலவு குறைந்த காப்புகள். கண்ட பாம்பையெல்லாம் அடிப்பதால் பயனில்லை. அடிபடுபவற்றில் பல, எலியைத் தின்று நமக்கு உதவும் சாரைகள். அல்லது புடையன் என்று தவறாக எண்ணப்படும் வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, குட்டிகள். புடையனின் முதுகில் கருவிளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் வரிசையாக இருக்கும். வெங்கிணாந்தியின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவமில்லை. மேலும், பாம்பை அடிக்க நெருங்குவதே பல கடிகளுக்குக் காரணமாகிறது. தலை துண்டிக்கப்பட்ட பின்னரும் சிறிது நேரம் அது கடிக்கக்கூடும்.

எனக்கு அதிக அச்சம் தருவது பட்டிக் காவலுக்குப் போய் வாடியில் (காவற்குடிலில்) தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களின் நிலை. எண்ணெய் விரியன், அதாவது கட்டுவிரியன், இரவில் நடமாடும் பாம்பு. தூங்குபவரை அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடிவாயைக்கூடக் காண முடியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும்போது பலர் அதை உணவு ஒவ்வாமை என்று நினைத்து நேரத்தை இழக்கிறார்கள். தரையில் படுத்தவர் ஒருவர் இப்படி எழுந்தால் வேறு காரணம் தேடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அசைவற்று, கண்மூடி, மூச்சு அடங்கியவர்போலக் கிடப்பவரும் உயிரோடு, நினைவோடு இருக்கலாம்; செயற்கைச் சுவாசம் தொடர்ந்து கிடைத்தால் அவர் முழுமையாகத் தேறுவதற்கு வாய்ப்புண்டு. உயர்ந்த கட்டிலும், அது இல்லாவிடில் பாயின் கீழ் நாற்புறமும் செருகிய நுளம்புவலையும் இந்தக் கடியைப் பெருமளவு தடுக்கும்.

மனிதருக்குக் கடி நேர்ந்தால் முதலில் மோதிரம், காப்பு, கட்டிய நூல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். வீக்கம் ஏறியபின் அவை இரத்தவோட்டத்தை நெரிக்கும். கடிபட்ட காலையோ கையையோ ஒரு தடியோடு சேர்த்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்து அழுத்துவது எதுவும் வேண்டாம். அஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். நடக்க விடாமல், 1990 இலக்க அம்புலன்ஸ் சேவையை அழைத்தோ கிடைக்கும் வாகனத்திலோ அரச மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. பாதுகாப்பான தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் போதும். நாகம், எண்ணெய் விரியன், முத்திரைப் புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் பயன்படுகிறது. அந்த மருந்துக்கே கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால், வைத்தியர் கண்காணிப்பில்லாத இடத்தில் அதை ஏற்ற முடியாது.

புதூரிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானை வணங்கும் மக்கள் நாங்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நாகத்தை அடிக்காமல் விடும் வழக்கத்துக்கும் அதுவே துணை. ஆனால் வழிபாடும் நேர்த்தியும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் நடக்கட்டும். 2012-13இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நிகழ்வதாகவும், அவற்றில் சுமார் 30,000 கடிகளிலேயே விஷம் ஏறுவதாகவும், 400 பேருக்கு மேல் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அதாவது பாதிக்கு மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் இன்றியே தப்புவார்கள். மந்திரமும் மூலிகையும் பலித்ததாகச் சொல்லப்படுபவற்றுள் இவர்களே மிகுதி. விஷம் ஏறியவருக்கோ மந்திரத்திலும் மூலிகையிலும் கழியும் சில மணித்தியாலங்களில் சிறுநீரகம் பழுதாகிவிடலாம்.

மாடுகளுக்கு வருவோம். மேயும் மாட்டுக்குப் பெரும்பாலும் முகத்திலோ காலிலோ கடி விழும். முகம் வீங்கி மூச்சு முட்டுவதே உடனடி ஆபத்து. எனவே மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு இரண்டையும் வெட்டிவிடுங்கள். மாட்டை ஓட்டாமல் நிழலில் நிறுத்தி வைத்தியரை அழையுங்கள். மாட்டுக்கு விஷமுறிவு மருந்து கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஆயினும் பெரிய மாடுகள் சேலைன், வலிநிவாரணி, காயப் பராமரிப்பு ஆகியவற்றாலேயே தேறுவதைக் கண்டிருக்கிறேன். கன்றுகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

இறந்த மாட்டையெல்லாம் பாம்பின் கணக்கில் எழுதுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். மழைக்காலத்தில் தொண்டை வீங்கித் திடீரென விழும் மாடு தொண்டை அடைப்பான் என்னும் தொற்றுநோயால் இறந்திருக்கலாம். சிவந்த சிறுநீர் உண்ணிக் காய்ச்சலாலும் வரும். பாம்பென்று முடிவுசெய்து இறைச்சியைப் பங்கிட்டால் நோய் மற்றப் பட்டிகளுக்குப் பரவும். தடுப்பூசி போட வேண்டிய நாட்களும் வீணாகும். காரணம் தெரியாமல் இறந்த மாட்டை அறுக்காமல், அன்றைய தினமே உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.