பாபுஷ்கா: சொல்லும் பொருளும்

பாபுஷ்கா என்றால் ரஷ்ய மொழியில் பாட்டி. தாடைக்கு அடியில் முடிச்சிடும் தலைக்குட்டை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மரப்பொம்மை ஆகிய பொருள்கள் ஆங்கிலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. அங்கிருந்து தமிழுக்கும் தாவிவிட்டன.

‘பாபு’ என்ற பெயரை எப்படிச் சொல்கிறோமோ அதே ஒலியில் தொடங்கி, முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘புஷ்’ஷில் அழுத்துவது ஆங்கிலப் பழக்கம்.

பாபா என்ற அடிச்சொல்லோடு ‘உஷ்கா’ என்ற செல்ல விகுதி சேர்ந்தது இது. தாத்தாவைக் குறிக்கும் தேதுஷ்காவிலும் அதே விகுதிதான். தமிழர் காதுக்கு பாபா ஆண்பால், ரஷ்யாவில் பெண்பால். முன்பு மணமான குடியானவப் பெண்ணை அப்படிச் சொன்னார்கள். இன்று ஒரு பெண்ணை முகத்துக்கு நேரே பாபா என்றால் மட்டு மரியாதை இல்லாத பேச்சு. ஆனால் பேரக்குழந்தை ‘பாபா தான்யா’ என்று பெயரோடு சேர்த்துச் சொன்னால் அத்தனையும் பாசம். பாபூல்யா இன்னும் கொஞ்சலானது. பாப்கா கரடுமுரடானது, நம் ‘கிழவி’க்குப் பக்கத்தில் வரும்; கிராமத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கும் முதியவளையும் அது குறிக்கும் என்பதால் இடம் பார்த்தே மொழிபெயர்க்க வேண்டும்.

கூப்பிடும்போது ரஷ்யக் குழந்தை கடைசி உயிரை வெட்டிவிடும்: “பாப்!”, “பாபூல்!” தமிழில் நேர்மாறாக, ஈற்று இகரம் நீண்டு “பாட்டீ!” ஆகும். வசனம் எழுதுகிறவர்கள் “பாப்” என்று ஒலிபெயர்த்து வைத்தால் அது யாரென்றே படிப்பவருக்குப் புரியாது.

தமிழில் சரியான இணை பாட்டிதான். இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. “பாட்டி என்ப பன்றியும் நாயும்” என்கிறது தொல்காப்பிய மரபியல். அங்கே அது விலங்கின் பெண்பாற்பெயர். சங்கப் பாடல்களில் பாணர்குலப் பெண்ணும் பாட்டியே. இன்றைக்கு அது அப்பாவைப் பெற்றவளுக்கும் அம்மாவைப் பெற்றவளுக்கும் பொது. பாபுஷ்காவும் அப்படியே. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ரஷ்யர்கள் பெயரைச் சேர்ப்பார்கள், அல்லது ‘அம்மாவின் அம்மா’ என்பார்கள்.

இங்கேதான் மொழிபெயர்ப்புகள் அதிகம் தடுக்கி விழுகின்றன. மண்வாசனைக்காக அப்பத்தா, அம்மாச்சி, அப்பாச்சி, உம்மம்மா, வாப்பும்மா என்று போட்டால், மூலத்தில் இல்லாத தாய்வழி, தந்தைவழித் தகவல் உள்ளே புகுந்துவிடும். பத்துப் பக்கம் கழித்து அவள் மறுபக்கத்துப் பாட்டி என்று தெரிந்தால் கதையே குழம்பும். ஆச்சி இன்னும் சிக்கல்: நெல்லையில் பாட்டி, செட்டிநாட்டில் அக்காவும் மணமான பெண்களும். முழுக்கதையும் படித்து உறவு உறுதியான பிறகே இந்தச் சொற்களைத் தொட வேண்டும்.

சொந்தப் பாட்டியை ரஷ்யக் குழந்தை ‘நீ’ என்றே பேசும். அதை ‘நீங்க’ ஆக்கினால் நெருக்கம் போய்விடும். தெருவில் பார்க்கும் முதியவளையும் ‘பாபுஷ்கா’ என்று அழைப்பதுண்டு, அப்போது ‘நீங்கள்’. அழைப்பாக வந்தால் பாட்டி, செய்தி நடையில் வந்தால் மூதாட்டி. 2012இல் அசர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ரஷ்யாவுக்காகப் பாடி இரண்டாமிடம் பெற்ற குழுவை ‘புரானோவோ பாட்டிகள்’ என்று தயங்காமல் எழுதலாம். அவர்கள் ரஷ்யாவில் வாழும் உத்மூர்த் என்ற சிறுபான்மை இனத்தவர்; சொந்த மொழியிலும் பாடினார்கள்.

1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் கென்னடி சுடப்பட்டபோது படமெடுத்துக்கொண்டிருந்த அடையாளம் தெரியாத பெண்ணை ‘பாபுஷ்கா லேடி’ என்கிறார்கள். தலையில் கட்டியிருந்த துணியால் வந்த பெயர் அது. ‘பாட்டிப் பெண்மணி’ என்று எழுதினால் தவறு. ‘தலைக்குட்டைப் பெண்’ பொருந்தும். முக்காடு வேண்டாம், அது சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துவது.

பொம்மையின் பெயர் மாத்ரியோஷ்கா. மாத்ரியோனா என்ற பெண்பெயரின் செல்ல வடிவம் அது. 1890களில் உருவான பொம்மை. தமிழில் அடுக்குப் பொம்மை என்றால் போதும்.